வடசென்னையின் நீர்வடிப்பும் நொதிச் சவ்வுகளும்

நீரை வடிகட்டும் சவ்வின் மேற்பரப்பில் நொதிகளைப் பிணைத்து வைத்து, அங்கு வந்து ஒட்டும் அழுக்கை அந்த நொதிகளே அறுத்துக் கரைக்கும்படி செய்யும் முறையை ‘தன்தூய்மை நொதிச் சவ்வு’ என்கின்றனர். 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டப்பட்ட முறை இது. ஆனாலும் பெரிய நகரங்களின் குடிநீர் ஆலைகளில் வழக்கமான கருவியாக இன்னும் இடம்பிடிக்கவில்லை. சவ்வில் அழுக்கு ஒட்டும் சிக்கலோ நாள்தோறும் இருக்கிறது. தீர்வு தெரிந்திருந்தும் ஆலைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை தேட, ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் காட்டுப்பள்ளி வரை நீளும் கடலோரப் பட்டை பொருத்தமான இடம். கிணறு, மணல் வடிகட்டி, கழிவுநீர் மறுசுழற்சி, கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று நீர்வடிப்பின் எல்லாக் கட்டங்களையும் இந்தப் பகுதி மக்கள் தங்கள் குழாய்களில் கண்டிருக்கிறார்கள்.

கஞ்சியும் துணியும்

காலடிப்பேட்டை என்ற பெயரில் யாருடைய காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவரின் பெயரால் அமைந்த ‘காலெட் பேட்டை’ மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. அதற்காகத் திருவொற்றியூர்ச் சாலையை ஒட்டி நெசவாளர்களையும் துணியில் வண்ணம் தீட்டுவோரையும் குடியேற்றி உருவாக்கிய ஊர் இது. இங்குள்ள வரதராசப் பெருமாள் கோயில் அந்த ஆளுநர் காலத்தில் எழுந்தது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

நெசவுக்கும் நீர்வடிகட்டிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். நெய்து முடித்த பின் அந்தக் கஞ்சி துணியிலிருந்து போக வேண்டும். போகாவிட்டால் சாயம் பிடிக்காது. சலவை செய்து வெளுப்பவர்களின் குடியிருப்பாகிய வண்ணாரப்பேட்டை காலடிப்பேட்டைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. துணியை நீரில் ஊறப்போட்டு வைத்தால், நீரில் உள்ள நுண்ணுயிர்கள் கஞ்சியின் மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக உடைத்துவிடும். உடைப்பது நுண்ணுயிர் சுரக்கும் நொதி. உலகின் பல நாடுகளிலும் நெசவுத் தொழில் இந்த வழியை நம்பியிருந்தது. துணி கெடாமல் கஞ்சி மட்டும் போவது எப்படி என்பதற்கு விளக்கம் பிற்காலத்தில்தான் கிடைத்தது. பருத்தி இழை செல்லுலோஸ் ஆனது, கஞ்சி மாவுச்சத்து ஆனது. இரண்டும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள்தாம் என்றாலும் கோத்த விதம் வேறு. மாவுச்சத்தை அறுக்கும் நொதிக்குச் செல்லுலோஸை அறுக்கத் தெரியாது.

1833-இல் பிரான்சில் பாயனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தை உடைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். தனியாகப் பிரித்தறியப்பட்ட முதல் நொதி அதுவே. 1917-இல் புவாதேனும் எஃப்ரோனும் பாக்டீரியாவிலிருந்து அமைலேஸ் நொதியை எடுக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றனர். ஆலைகளில் துணியின் கஞ்சியை நீக்குவது அதன் முதன்மைப் பயன்களில் ஒன்றாயிற்று. ஒட்டியிருக்கும் அழுக்கை மட்டும் அறுத்து, அடியில் உள்ள பொருளைத் தொடாமல் விடுவது என்பதே நொதியால் தூய்மை செய்வதன் முழு அடிப்படை. சவ்வுக்கும் அதே கணக்குதான்.

மணலின் மேல் வளர்ந்த தோல்

சென்னையின் முதல் ஒழுங்கான குடிநீர் ஏற்பாடு 1772-இல் வந்த ஏழுகிணறு. வடசென்னையில் தோண்டிய கிணறுகளிலிருந்து கோட்டைக்கு நீர் போயிற்று. அங்கே வடிகட்டி என்பது நிலத்தின் மணலே. நூறாண்டு கழித்து, 1872-இல் கொசஸ்தலை ஆற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகத் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏரி நீர் வடிகட்டாமலேயே ஊருக்குள் போனது. கீழ்ப்பாக்கத்தில் மெது மணல் வடிகட்டிகள் அமைந்தது 1914-இல்தான். இதைத் திட்டமிட்ட பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் 1804-இலும் லண்டனில் 1829-இலும் வந்துவிட்ட முறை சென்னைக்கு வர இவ்வளவு காலம் பிடித்தது. 1892-இல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவியபோது, அதே எல்பே ஆற்று நீரை மணலில் வடித்துக் குடித்த பக்கத்து ஆல்டோனா பெருமளவில் தப்பியது. வடிகட்டியின் தேவையை உலகம் உணர்ந்தது அந்த நிகழ்வால்தான் எனலாம்.

மெது மணல் வடிகட்டியில் மணல் செய்யும் வேலை பாதிதான். சில நாட்களில் மணலின் மேல்பரப்பில் பாசி, பாக்டீரியா, ஓரணு உயிர்கள் எல்லாம் சேர்ந்து வழுவழுப்பான ஒரு தோல் வளரும். நீரில் வரும் கரிமப் பொருளை அந்தத் தோலில் உள்ள உயிர்கள் தங்கள் நொதிகளால் உடைத்து உண்கின்றன. நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. புது மணல் போட்ட வடிகட்டியை விட, தோல் வளர்ந்த வடிகட்டியில் இறங்கும் நீர்தான் நல்ல நீர். தோல் மிகத் தடித்து நீர் இறங்குவது குறைந்தால், மேலே ஓரிரு சென்டிமீட்டர் மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவுவார்கள். மீண்டும் தோல் வளரும். அழுக்கே வடிகட்டியாக வேலை செய்த காலம் அது. தன்தூய்மைச் சவ்வுகளைப் பற்றி எழுதுவோர் இந்த மூதாதையை அநேகமாக நினைவுகூர்வதில்லை.

இதன் குறை இடம். மெது மணல் வடிகட்டியில் நீர் மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வரைதான் இறங்கும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் வடிக்க 5 முதல் 10 ஏக்கர் மணற்பரப்பு வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. மணலால் உப்பைப் பிடிக்க முடியாது. வடசென்னைக்கு நேர்ந்த துன்பமோ உப்பினால்தான்.

உப்பு ஏறிய நிலம்

1965-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலை 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நீராவிக்கும் குளிர்விப்புக்கும் இத்தகைய ஆலைகளுக்குப் பெருமளவு நீர் வேண்டும். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கின. ஆலைகளும் நகரமும் உறிஞ்சின, சுற்றுவட்டார விவசாயமும் உறிஞ்சியது. நன்னீரின் அழுத்தம் குறைந்ததும் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகர்ந்தது. 1969-இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர் எல்லை 1980களின் பிற்பகுதியில் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. மீஞ்சூர்ப் பகுதியில் கிணற்று நீர் உவர்த்தது. நிலத்தடியில் ஒருமுறை ஏறிய உப்பு எளிதில் இறங்குவதில்லை.

இந்த நெருக்கடிதான் சவ்வை வடசென்னைக்குக் கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து சென்னைக் குடிநீர் வாரியம் ஓரளவு சுத்திகரித்த கழிவுநீரை மணலி ஆலைகளுக்கு விற்கத் தொடங்கியது. ஆலைகள் அதை மேலும் சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் வழியே உப்பை நீக்கிப் பயன்படுத்தின. நகரக் கழிவுநீரைப் பெருமளவில் மீட்டுத் தொழிற்சாலைக்குக் கொடுத்த இந்திய முயற்சிகளில் இது முன்னோடியான ஒன்று. வீட்டுக் கழிவறை நீர் உரமாலையின் கொதிகலனுக்குப் போகிறது என்பதைக் கேட்டு அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அப்படிப் போன ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக ஒரு லிட்டர் ஏரி நீர் குடிக்க மிஞ்சியது.

பின்னர் பெரிய ஆலைகள் வந்தன. மீஞ்சூர் ஆலை என்று பரவலாக அழைக்கப்படும் காட்டுப்பள்ளிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை 2010 ஜூலையில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். வடசென்னையின் பல பகுதிகளுக்கு அதன் நீர் செல்கிறது. 2013-இல் தென்புறத்தில் நெம்மேலி ஆலை வந்தது. கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, நுண்வடிப்பும் எதிர்ச் சவ்வூடு பரவலும் செய்து, மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கொடுக்கும் ஆலை 2019-இல் இயக்கத்துக்கு வந்தது. அதே ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டிருந்தன. குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த அந்த மாதங்களில் மழையை எதிர்பாராமல் நீர் தந்தவை சவ்வு ஆலைகளே.

சவ்வின் பிறப்பும் அதன் பலவீனமும்

எதிர்ச் சவ்வூடு பரவலை நடைமுறைக்குரியதாக்கியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பணியாற்றிய சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் ஆவர். 1959-60 காலத்தில் இவர்கள் செல்லுலோஸ் அசிடேட்டிலிருந்து ஒருபுறம் அடர்த்தியாகவும் மறுபுறம் நுரைபோலவும் அமைந்த சவ்வை உருவாக்கினர். அதற்கு முன் கிடைத்த சவ்வுகள் உப்பைத் தடுத்தன, ஆனால் நீரையும் சொட்டுச் சொட்டாகவே விட்டன. இவர்களின் சவ்வில் உப்பைத் தடுக்கும் அடுக்கு மிக மெல்லியது என்பதால் நீர் போதிய வேகத்தில் கடந்தது. 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊரில் இந்த முறையில் குடிநீர் வழங்கப்பட்டது.

செல்லுலோஸ் அசிடேட் பருத்தி, மரம் ஆகியவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்யப்படுவது. எனவே சில நுண்ணுயிர்கள் சவ்வையே தின்றன. அழுக்கை உண்ண நொதி இருப்பதுபோல் வடிகட்டியை உண்ணவும் நொதி இருந்தது. பாக்டீரியாவைக் கொல்ல நீரில் குளோரின் கலந்து இதைச் சமாளித்தார்கள். 1970களில் ஜான் கடாட் உருவாக்கிய பாலியமைடு சவ்வு இதைவிடப் பல மடங்கு மேலானது. உப்பைக் கூடுதலாகத் தடுத்தது, நுண்ணுயிர்க்கும் இரையாகவில்லை. இன்றைய ஆலைகளில் இருப்பது பெரும்பாலும் இதன் வழிவந்தவையே. ஆனால் பாலியமைடுக்குக் குளோரின் ஆகாது. குளோரின் பட்டால் சவ்வின் மூலக்கூறு சிதைந்து உப்பு கசியும். ஆகவே கடல்நீரில் முதலில் குளோரின் கலந்து கிருமியைக் கொன்று, பிறகு சவ்வுக்குள் போகுமுன் வேறு வேதிப்பொருள் சேர்த்துக் குளோரினை முறிக்க வேண்டியிருக்கிறது. முறித்த இடத்துக்கு அப்பால் பாதுகாப்பு இல்லை. தப்பிய சில பாக்டீரியாக்கள் சவ்வில் வந்து உட்காருகின்றன.

ஆலையில் சவ்வு தட்டையாக விரித்து வைக்கப்படுவதில்லை. 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்ட உருளைக்குள் பாய்போல் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு சுருளுக்குள் ஏறத்தாழ 37 சதுர மீட்டரோ அதற்குச் சற்று மேலோ சவ்வு இருக்கும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் கடல்நீர் ஆலைக்கு ஆயிரக்கணக்கான சுருள்கள் வேண்டும். உள்ளே இருக்கும் சவ்வை எல்லாம் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 ஏக்கர் வரும். இரண்டு அடுக்குச் சவ்வுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை எட்டாது. கீழ்ப்பாக்கத்து மணலைப்போல் ஆள் இறங்கிச் சுரண்டுவதற்கு இங்கே வழியில்லை.

சவ்வில் ஒட்டும் பாக்டீரியா சில மணி நேரத்தில் பெருகத் தொடங்கும். தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் டி.என்.ஏ.யும் கலந்த பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். இதுவே உயிரிப்படலம். குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்கச் செய்வதும் இத்தகைய படலமே. படலம் தடித்தால் அதே அளவு நீர் பெற அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கடல்நீர் ஆலை ஏற்கெனவே 55 முதல் 70 பார் வரை அழுத்தத்தில் இயங்குவது, அதாவது வாகன டயரில் இருப்பதைப்போல் 25 மடங்குக்கு மேல். கூடுதல் அழுத்தம் என்றால் கூடுதல் மின்சாரம், கூடுதல் மின்சாரம் என்றால் கூடுதல் செலவு.

எனவே அவ்வப்போது ஆலையின் ஒரு பகுதியை நிறுத்தி, காஸ்டிக் சோடா போன்ற காரக் கரைசலையும் பின்னர் சிட்ரிக் அமிலம் போன்ற அமிலக் கரைசலையும் சுருள்களுக்குள் சுற்றவிட்டுக் கழுவுகிறார்கள். காரம் உயிரிப்படலத்தையும் கரிம அழுக்கையும் தளர்த்தும். அமிலம் சுண்ணாம்பு, இரும்புப் படிவுகளைக் கரைக்கும். ஒவ்வொரு கழுவலும் சவ்வின் ஆயுளில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. கழுவி முடித்த வேதிநீரை என்ன செய்வது என்பது வேறொரு தொல்லை. கழுவலிலும் தப்பிய பாக்டீரியாக்கள் இறந்த படலத்தையே உணவாக்கிக்கொண்டு மீண்டும் எழுகின்றன. கழிவுநீரிலிருந்து மீட்கும் கொடுங்கையூர் போன்ற ஆலைகளில் உணவுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் சிக்கல் இன்னும் கடுமை.

நொதி சவ்வுக்கு வந்த வழி

நொதியைத் தூய்மைக் கருவியாகத் தொழிலில் நிலைநாட்டியவர்களுள் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் முக்கியமானவர். அந்நாளில் தோலை மென்மையாக்க நாய்ச்சாணத்தில் ஊறவைப்பார்கள். அதில் வேலை செய்வது செரிமான நொதிகளே என்று கண்ட அவர், 1907 அளவில் விலங்குக் கணைய நொதிகளைக் கொண்டு அதற்கு மாற்றுப் பொருள் செய்தார். சில ஆண்டுகளில் அதே நொதியைத் துணி துவைக்கும் தூளிலும் சேர்த்தார். 1960களில் பாக்டீரியாவிலிருந்து எடுத்த, காரத்தைத் தாங்கும் புரதநொதிகள் சலவைத்தூளில் பரவலாயின. சட்டைக் காலரில் படிந்த வியர்வைக் கறையை ஊறவைத்தே போக்கலாம் என்ற விளம்பரங்களின் பின்னணி அதுதான். பால் பண்ணைகளில் புரதத்தைப் பிரிக்கும் நுண்வடிப்புச் சவ்வுகளைக் கழுவ நொதிகலந்த கரைசல் பயன்படுவதும் இதே மரபின் தொடர்ச்சி.

இவை எல்லாவற்றிலும் நொதி வெளியிலிருந்து ஊற்றப்பட்டு, வேலை முடிந்ததும் நீரோடு போய்விடும். நொதியைச் சவ்விலேயே நிலையாக நிறுத்தினால் என்ன என்று கேட்டவர்கள் பிரிட்டனின் ஸ்வான்சீ பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த வெலிசாங்கிலும் ஹவலும். 1981-இல் ‘தன்தூய்மைச் சவ்வுகள்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே கொண்ட ஆய்வுக் கட்டுரையை அவர்கள் வெளியிட்டனர். புரதக் கரைசலை வடிக்கும்போது சவ்வில் புரதம் கூழ்போல் படியும். புரதத்தை அறுக்கும் நொதி சவ்வில் இருந்தால் அந்தக் கூழ் படியப் படியக் கரைந்துபோகும், நீர் கூடுதலாக வரும் என்பதே அவர்களின் எண்ணம். இறைச்சி வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடும் சமையற்காரர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் இந்த வகை நொதிதான்.

2015-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் டிரிப்சின் என்ற செரிமான நொதியை எலெக்ட்ரான் கற்றையின் துணையோடு சவ்வில் வேதிப்பிணைப்பால் கட்டிக் காட்டினர். ஒட்டவைக்கத் தனி வேதிப்பொருள் தேவைப்படவில்லை என்பதே இதன் சிறப்பு. டிரிப்சின் நன்றாக வேலை செய்வது உடல்சூட்டை ஒட்டிய வெப்பத்திலும் இலேசான காரத்திலும். காஸ்டிக் சோடாவின் கடுமையோடு ஒப்பிட்டால் அது வெந்நீர்க் குளியல்.

தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு கிளை முளைத்தது. பாக்டீரியாக்கள் தாம் எத்தனை பேர் கூடியிருக்கிறோம் என்பதைச் சிறு மூலக்கூறுகளைச் சுரந்து ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. கூட்டம் போதிய அளவு சேர்ந்த பிறகே படலம் கட்டுவதில் முழுமூச்சாக இறங்குகின்றன. அந்தச் செய்தி மூலக்கூறை அசைலேஸ் என்ற நொதியால் அறுத்துவிட்டால் கூட்டம் கூடியது தெரியாமலே போகும். கழிவுநீர்ச் சவ்வு உலையில் காந்தத் துகள்களின் மேல் இந்நொதியை ஏற்றிப் பயன்படுத்திய சோதனை 2009-இல் வெளிவந்தது. 2011-இல் அதை நானோ வடிப்புச் சவ்வின் மேலேயே பிணைத்துக் காட்டினர். பின்னர் நொதிக்குப் பதிலாக அந்நொதியைச் சுரக்கும் பாக்டீரியாவையே மணிகளுக்குள் அடைத்து உலையில் மிதக்கவிட்டனர். பாக்டீரியாவைக் கொல்லாமல் அவற்றின் பேச்சை மட்டும் நிறுத்துவது என்பதால், எதிர்ப்பாற்றல் பெற்ற வகைகள் உருவாகும் அச்சமும் குறைவு. எல்லா வழிகளிலும் இதுவே கழிவுநீர் மீட்புக்கு மிக நெருங்கி வந்திருப்பது என்று சொல்ல இடமிருக்கிறது.

எண்ணூர்க் கடலின் முன்

இத்தனை இருந்தும் காட்டுப்பள்ளி போன்ற ஆலைக்கு நொதிச் சவ்வு வராததற்குக் காரணம் ஆய்வாளர்களின் சோம்பலோ அரசின் அலட்சியமோ மட்டுமல்ல. நொதியின் இயல்பே தடையாக நிற்கிறது. ஒரு நொதி ஒருவகைப் பிணைப்பை மட்டுமே அறுக்கும். பால் பண்ணையில் படிவது பெரும்பாலும் பால் புரதமும் கொழுப்பும். நாளை வருவதும் அதுவே. கடலோரச் சவ்வில் படிவது அப்படியல்ல. பாசி பூக்கும் பருவத்தில் சர்க்கரைப் பசை மிகும். வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரம் வழியே வண்டலையும் கழிவையும் கடலில் தள்ளும். கால்சியம், சிலிக்கா, இரும்பு எதையும் எந்த நொதியும் தொடாது. புரதநொதியை மட்டும் கட்டிய சவ்வு சில நாளில் வேறு அழுக்கால் மூடப்பட்டு, நொதி அடியில் புதைந்துபோகும். துணியில் கஞ்சி ஒன்றே ஒட்டியிருந்த நெசவாளரின் சிக்கல் இதற்கு முன் எளிதானது.

எண்ணெய் இன்னும் சிக்கலானது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கறுத்த கூழைக் கரையிலிருந்து வாளிகளில் அள்ள வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் நொதி இதற்கு உதவும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது தேங்காயெண்ணெய்க்கும் நெய்க்கும்தான் உதவும். லைப்பேஸ் அறுப்பது கொழுப்பில் உள்ள எஸ்டர் பிணைப்பை, கச்சா எண்ணெயில் அந்தப் பிணைப்பு கிடையாது. ‘எண்ணெய்’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் வரும் மயக்கம் இது. பெட்ரோலியத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் உண்டு என்றாலும், அவை பல நொதிகளைத் தொடராகப் பயன்படுத்தி மெதுவாகச் செய்யும் வேலையை ஒரு நொதி பூசிய சவ்விடம் எதிர்பார்க்க முடியாது.

குளோரின் மூன்றாவது தடை. கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் நொதியையும் முடக்கும். வெப்பமும் நாட்களும் அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். ஆலையில் ஒரு சவ்வு ஐந்தாண்டு அளவுக்கேனும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சவ்வில் கட்டிய நொதிக்கு அத்தனை ஆயுள் இல்லை. 70 ஏக்கர் பரப்பில் நொதியைக் கட்டுவதும், செத்த நொதியை மாற்றிப் புதிதாகக் கட்டுவதும் வரவுசெலவில் இடிக்கும் இடம் இங்கேதான். மேலும், அறுபட்ட துண்டுகள் எங்கே போகின்றன என்ற கேள்வியும் இருக்கிறது. உடைந்த சர்க்கரையும் அமினோ அமிலமும் அடுத்த சுருளில் உள்ள பாக்டீரியாவுக்கு உணவாகலாம்.

ஆகவே இன்று நடைமுறையில் இருப்பது, நொதியைச் சவ்வில் கட்டாமல் கழுவும் கரைசலில் சேர்ப்பது. சவ்வு மாற்ற வேண்டியதில்லை, ஆலையின் அமைப்பும் மாற வேண்டியதில்லை. புரதம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கான நொதிகளைச் சேர்த்தே கலக்கலாம். காரத்தின் கடுமையையும் கழுவும் வெப்பத்தையும் குறைக்க முடிந்தால் சவ்வின் ஆயுள் கூடும். நொதியை நிலையாகக் கட்டும் முறைக்கு முதல் வாய்ப்பு கடல்நீர்ச் சுருளில் அன்று, அதற்கு முன்னே நிற்கும் நுண்வடிப்புச் சவ்வில்தான் இருக்கிறது. அங்கே அழுத்தம் குறைவு, பின்னோக்கி நீர் செலுத்திக் கழுவ முடியும், வருவதும் பெரும்பாலும் கரிம அழுக்கு. கழிவுநீரை மீட்கும் கொடுங்கையூர் ஆலையில் இப்படியொரு நுண்வடிப்புக் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நொதித் துறையிலும் சென்னைக்கு ஆள் பற்றாக்குறை இல்லை. அடையாறில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோலில் முடி நீக்கும் நொதிகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

ஆயுள் முடிந்த சுருள்கள் நெகிழிக் கழிவாகின்றன. குளோரின் கரைசலில் ஊறவைத்துப் பாலியமைடு அடுக்கை வேண்டுமென்றே அழித்துவிட்டால், மிஞ்சும் அடிச்சவ்வு உப்பைத் தடுக்காவிட்டாலும் நுண்வடிப்புக்குப் பயன்படும் என்பதைச் சில நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சவ்வைக் கெடுக்கும் அதே குளோரின் அதற்கு இரண்டாம் பிறவியும் தருகிறது. உப்பைத் தடுக்கும் கடமை நீங்கிய அத்தகைய மலிவான பழைய சவ்வில் நொதியைக் கட்டிப் பார்ப்பதில் இழப்பு அதிகமில்லை.